அந்தக் குதிரைக்காரனுக்கு அம்மா கிடையாது

அன்புள்ள சேகருக்கு,

அன்றைக்கு ஜங்ஷனில் உன் வண்டி கிளம்புவதற்கு முன் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம்தான். மற்ற எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். ஈரத்துண்டைப் பெட்டிக்குள் வைக்காதே என்றேன். ஜன்னல் பக்கம் தலை வைத்துத் தூங்காதே என்றேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றேன். அதை நாலாவது தடவையாகச் சொல்கிறேன் என்று நீ நாலு விரலைக் காட்டினாய். ரங்கநாயகி மாமி புளியோதரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டி, "இதை அரக்கோணம் தாண்டித்தான் பிரிக்கணும், முன்னாடியே பிரிச்சா பக்கத்துல இருக்கறவா கண்ணு படும்" என்றாள். வண்டி அசைந்ததும் நீ கதவருகே வந்து நின்றாய். தலையில் இல்லாத தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டு, "ஒரே வருஷம்தாம்மா. குதிரைக்காரன் வாக்கு" என்றாய். உன் சட்டைப் பைக்குள் அந்த விண்ணப்பத் தாள் இருந்ததை நான் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கை அவன் கொடுக்கவே இல்லையடா. அது படத்தில் இல்லை. நான் சேர்த்தது. அந்தக் குதிரைக்காரனுக்கு அம்மாவே கிடையாது.

நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படி, ஏனென்றால் இதில் சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. உன் இரும்பாலையில் இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் பயிற்சி முடித்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது ஒன்று. மூன்று வருஷம் இருந்து, உலையையும் உருட்டாலையையும் முழுக்கக் கற்றுக்கொண்டு, அங்கேயே வேலையில் சேருவது இன்னொன்று. மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷத் தாளைப் படித்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிறகு நீ அதை மடித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கே போட்டுடறேம்மா" என்றாய், யாரும் கேட்காமலே. அந்த ஒரு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் அறையில் இருக்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டுவாய். காட்டு. நான் எதையும் அத்தனை சுலபமாக வெளியில் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் சாட்சியாகக் கேட்டால் நான் பின்வாங்க முடியாது பார்.

உறையூரில் உன் தாத்தா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். யுத்த காலத்தில் சிப்பாய்கள் படித்துப் போட்ட குட்டி குட்டி இங்கிலீஷ் புத்தகங்கள் சாக்கு சாக்காக அந்தக் கடைக்கு வரும். பொட்டலம் மடிக்கக் கிழிப்பதற்கு முன் நான் படித்துவிட வேண்டும், அதுதான் எனக்கும் அப்பாவுக்கும் ஒப்பந்தம். பள்ளிக்கூடத்தில் கற்ற கொஞ்ச இங்கிலீஷை அந்தச் சாக்குகளில்தான் வளர்த்துக்கொண்டேன். பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் கதவைத் திறப்பான், அதோடு பக்கம் முடிந்துவிடும். முடிவை நானே கட்டிக்கொள்வேன். என் முடிவுகளில் பெரும்பாலும் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். பதினாறு வயதில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது என்னோடு வந்த சீதனத்தில் இந்தப் பழக்கமும் ஒன்று. உன் அப்பாவுக்கு அது தெரியாது. கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை, வாரத்தில் நாலு நாள் லைனில் இருப்பார், வீட்டில் இருக்கும் நாளெல்லாம் தூங்குவார். எனக்கும் பெரிதாகக் குறை சொல்லத் தோன்றியதில்லை. ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கிணறும் உள்ள ஸ்டோரில், தூங்குகிற புருஷனை விடப் பெரிய சௌகரியம் புத்தகம் படிக்கிறவளுக்கு ஏது?

நம் குதிரைப் படங்கள் அந்த ஸ்டோரில்தான் ஆரம்பித்தன. அடுத்த குடித்தனத்து ரங்கநாயகி மாமி ஒரு நாள், "ஏன்டி, ஜங்ஷன் பக்கம் ஞாயித்துக்கிழமை காலம்பற இங்கிலீஷ் படம் போடறானாமே, உனக்குத்தான் பாஷை தெரியுமே, வாயேன்" என்றாள். அவளுக்குக் குதிரை பிடிக்கும். பெருமாள் புறப்பாட்டுக்கு வரும் கோயில் குதிரையைத் தவிர வேறு குதிரையை அவள் பார்த்ததில்லை. வீட்டில் என்ன சொல்வது? மாமி ஒரு நசுங்கின பித்தளைச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "டவுன்ல இதை மாத்திண்டு வரேன்" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தச் செம்பு ஐந்து வருஷம் எங்களோடு டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்தது. யாரும் அதை மாற்றவுமில்லை, மாமா கேட்கவுமில்லை. திரும்பும்போது அதில் நீ மிச்சம் வைத்த வேர்க்கடலை இருக்கும்.

அந்தப் படங்கள் நல்ல படங்கள் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அதிகப் பணம் போட்டு எடுக்கப்பட்டவை அல்ல. நம் தியேட்டருக்கு வருவதற்குள் பல ஊர்களில் ஓடி, கீறல் விழுந்து, திரையில் மழை பெய்துகொண்டே இருக்கும். வில்லன்கள் துரத்தும்போது ஹீரோ ஒரு பாறையைத் தாண்டிப் போவான், ஆமை மாதிரி ஒரு பாறை. கொஞ்ச தூரம் போனதும் அதே ஆமைப் பாறை மறுபடியும் வரும். மூன்றாம் தடவை வந்தபோது மாமி, "அட, இன்னும் அங்கேயேதான் சுத்திண்டிருக்கானா? குதிரைக்கு வழி தெரியலைடி" என்றாள். நீ என் மடியில் உட்கார்ந்து துப்பாக்கி வெடிகளை எண்ணுவாய். ஆறு குண்டு போடும் துப்பாக்கி என்று நான்தான் சொல்லியிருந்தேன். "பதினேழும்மா!" என்று கத்துவாய், பெண்கள் பெஞ்சு மொத்தமும் சிரிக்கும். தூரத்து மலை துணியில் எழுதியது. யாராவது கதவை அறைந்து சாத்தினால் மலை நடுங்கும். ஆரம்பத்தில் கூரையிலிருந்து விழுந்து செத்தவன், அரை மணி கழித்து ஒரு மீசையோடு கள்ளுக்கடையில் உட்கார்ந்திருப்பான். ராத்திரி என்று சொல்வார்கள், தரையில் நிழல் பட்டப்பகல் மாதிரி விழும். மாமியின் கவலை வேறு: "கார்த்தாலையும் மொச்சை, சாயந்திரமும் மொச்சை. ஒரு ரசம் வைக்க நாதியில்லையா அந்த ஊர்ல?"

இத்தனைக்குப் பிறகும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம் என்றால், அதில் ஏதோ இருந்தது. என்னைப் பொறுத்தவரை அது என்ன என்று இப்போது சொல்ல முடியும். முதலில் அந்த இடம். அத்தனை வெட்டவெளி. ஒரு ஆளும் ஒரு குதிரையும் புள்ளி மாதிரி வந்துகொண்டே இருப்பார்கள், யாருக்கும் அவசரமில்லை. ஒருவர் குளித்து முடிக்க இன்னொருவர் காத்திருக்கும் வீட்டிலிருந்து போகிறவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். சித்திரை மாசத்துக் கொள்ளிடமும் அப்படித்தானே இருக்கும் என்று நீதான் ஒரு நாள் கண்டுபிடித்தாய். பிறகு துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அந்த மணலில் நீ ஓடாத நாளில்லை. இரண்டாவது, அந்த ஊருக்கு ஒருவன் வந்தால் யாரும் அவனை எந்த ஊர், யார் பிள்ளை, என்ன குலம், எத்தனை சம்பளம் என்று கேட்பதில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார்கள். அவன் முகம் கழுவுவான், குதிரை குடிக்கும். அவ்வளவுதான் விசாரணை. நான் ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் நாளே கிணற்றடியில் என் மூன்று தலைமுறையைச் சொல்லி முடித்திருந்தேன். அந்தத் தொட்டிக்காகவே நான் அந்தப் படங்களை நேசித்தேன். மூன்றாவது, எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து உலை வைக்க நேரம் இருக்கும்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். காதால் கேட்டால் ஒன்றும் புரியாது. அதிலும் அந்த ஆட்கள் வாயில் வைக்கோலைக் கடித்துக்கொண்டு மூக்கால் பேசுவார்கள். முதல் படத்தில் முதல் பத்து நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது 'குதிரை' என்ற ஒரு வார்த்தைதான்; அதுவும் குதிரை எதிரில் நின்றதால். மாமி முழங்கையால் இடித்து, "என்னடி சொல்றான்? என்னடி சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். உனக்கு அப்போது ஆறு வயது. நீயும் அண்ணாந்து பார்த்தாய். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாலம் போடறதுக்கு வெச்சிருந்த பணத்தைக் கொள்ளை அடிச்சுட்டாங்களாம். இவன்தான் கண்டுபிடிக்கப் போறான்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதிசயம் என்னவென்றால், படம் என் கதைக்கு அப்படியே ஒத்துழைத்தது. எந்தக் கதை சொன்னாலும் ஒத்துழைக்கும் படங்கள் அவை. அதுதான் அவற்றின் பெரிய குறை. எனக்குப் பெரிய வசதி.

ஒரு மாதத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. புத்தூரிலிருந்து இரண்டு அக்காமார் என் பெஞ்சுக்காகவே சீக்கிரம் வருவார்கள். நான் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிந்துவிட்டேன். அந்தப் படங்களில் இறகு செருகிய அந்த நாட்டுப் பூர்வ குடிகள் வருவார்கள், நினைவிருக்கிறதா? குன்றின் மேல் வரிசையாக நிற்பார்கள், இறங்கி வருவார்கள், சுடப்பட்டு விழுவார்கள். ஒருத்தருக்கும் பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆகையால் அவர்களுக்கும் வசனம் கொடுத்தேன். "இது எங்க தாத்தா காலத்து நிலம். ஒரு வார்த்தை கேக்காம வேலி போடறாங்களே, இது நியாயமா?" என்று பெரியவர் கேட்பதாகச் சொன்னேன். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவர் சொல்றது சரிதானேடி! பட்டா யார் பேர்ல இருக்கு?" என்றாள். அதன் பிறகு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். அவர்கள் ஒவ்வொருத்தராகச் சுடப்பட்டு விழும்போது ஆண்கள் பக்கம் விசிலடித்தார்கள். நம் பக்கம் மொத்தமும் 'ஐயோ பாவம்' என்றது. இடைவேளையில் ஒருவர் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, நீங்க வேற படம் பாக்கறீங்களா?" என்று கேட்டார். "நாங்க அர்த்தம் புரிஞ்சு பாக்கறோம்" என்றாள் மாமி. அந்த வசனத்துக்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. வருத்தப்படுவது இன்னொன்றுக்காக.

உனக்கு ஏழு வயது முடிந்த சமயம். உன் அப்பா தீபாவளிக்கும் லைனில்தான் இருந்தார். பத்து நாளாகியும் வரவில்லை. அந்த ஞாயிறு பார்த்த படத்தில் ஹீரோ ஊரைக் காப்பாற்றிவிட்டான். பள்ளிக்கூடத்து டீச்சர் வேலியருகே நிற்கிறாள். அவன் குதிரையில் ஏறி, தொப்பி விளிம்பைத் தொட்டு, ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறான். "அம்போன்னு விட்டுட்டுப் போறானே கடன்காரன்" என்று மாமி பொங்கினாள். நீ என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாய். "அவன் ஏம்மா போறான்? அவனுக்கும் அப்பா மாதிரி டியூட்டியா?" என்று கேட்டாய். உன் கண்ணில் தண்ணீர். நான் சொன்னேன்: "இல்லைடா. அவங்க அம்மா ஊர்ல தனியா இருக்காங்களாம். ஒரு வருஷத்துக்கு மேல அம்மாவை விட்டு இருக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கானாம். அதான் கிளம்பிட்டான்." நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "பாத்தியா, பெத்தவளை மறக்கலை, சமர்த்து" என்று மாமி அவனை மன்னித்தாள். புத்தூர் அக்காமார் தலையாட்டினார்கள்.

குழந்தை அழுததால் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அழுகிற குழந்தைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். குதிரைக்குப் புல் வாங்கப் போகிறான் என்றால்கூட நீ நம்பியிருப்பாய். அந்த வசனம் என் காதுக்குத்தான் இனிமையாக இருந்தது. அதனால்தான் அடுத்த படத்திலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த படத்திலும். பிறகு நான் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. ஹீரோ குதிரையில் ஏறியதும் மாமி, "அம்மாகிட்டத்தானே?" என்பாள், நான் தலையாட்டுவேன். அந்த நாட்டில் குதிரை ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் ஊரில் ஒரு அம்மா உட்கார்ந்து காத்திருந்தாள், எல்லோரும் ஒரு வருஷக் கெடு வைத்திருந்தார்கள். நீ பள்ளிக்கூடம் போகும்போது இல்லாத தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவாய். எனக்குப் பெருமையாக இருக்கும்.

உன் பதினைந்தாவது வயதில் மெட்ராஸில் விடுதியோடு சேர்ந்த தொழிற்பள்ளியில் இடம் கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வருஷப் படிப்பு. உன் அப்பா முதல் தடவையாகத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "போடா, நல்ல சான்ஸு" என்றார். நீ மாட்டேன் என்றாய். "ரெண்டு வருஷம் ரொம்ப ஜாஸ்திப்பா. நீங்களும் லைன்ல, அம்மா தனியா இருப்பாங்க" என்றாய். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கிணற்றடியில் போய், "என்னை விட்டுட்டுப் போகமாட்டேங்கறான்" என்று எட்டுக் குடித்தனத்துக்கும் கேட்கிற மாதிரி அலுத்துக்கொண்டேன். அது அலுப்பு இல்லை என்று கேட்ட எல்லோருக்கும் தெரியும். நீ இங்கேயே படித்து நல்ல மார்க் வாங்கினாய், அது வேறு. ஆனால் போயிருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தவள் நான்.

இப்போது உன் வண்டி போன பிறகு நடந்ததைக் கேள். நானும் மாமியும் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். மாமி மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆத்துக்குப் போய் என்ன பண்ணப் போறே? ஞாயித்துக்கிழமைதானே, வா" என்றாள். போனோம். எத்தனையோ வருஷமாகிவிட்டது, பெண்கள் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான். அது நாம் அன்று பார்த்த அதே படமா, அதே மாதிரி வேறு படமா என்று சத்தியமாக என்னால் சொல்ல முடியவில்லை. ஆமைப் பாறை வந்தது. டீச்சர் வேலியருகே வந்து நின்றாள். ஆனால் இத்தனை வருஷம் ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி கேட்டதிலும், நீ பாடத்தை உரக்கப் படித்ததைக் கேட்டதிலும் என் காது எனக்குத் தெரியாமலே திறந்திருந்தது. திரும்பி வருவீர்களா என்று அவள் கேட்கிறாள். அவன் கொஞ்சம் யோசிக்கிறான். தெரியவில்லை, போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிறான். அவள் சரி என்கிறாள். அவ்வளவுதான். என் வசனத்தைவிட எவ்வளவு நல்ல வசனம்! துணி மலையும் பதினேழு குண்டும் வைத்துப் படமெடுத்தவர்கள், அந்த ஒரு இடத்தில் பொய் சொல்லவில்லை.

"அம்மாகிட்டத்தானே?" என்றாள் மாமி.

"இல்லை மாமி. தெரியாதுன்னு சொல்றான்."

"தெரியாதா? போன தடவை அம்மாகிட்டப் போறேன்னானே? படத்தை மாத்திட்டாளா?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது எல்லாவற்றையும் மாமியிடம் சொல்லிவிட்டேன். பாலம் போடுவதற்கு வைத்திருந்த பணத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றுவிடாமல். அம்மா மண்டபம் நிறுத்தம் வந்ததும், "அந்த டீச்சருக்கு ஆஸ்த்மான்னியே, அதுவும் புளுகா?" என்று கேட்டாள். அதுவும்தான் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சொல்லிட்டே, சரி. பிள்ளைக்குச் சொன்னியோ?" என்றாள்.

அதுதான் இந்தக் கடிதம். சேகர், குதிரைக்காரன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் நீ காப்பாற்ற வேண்டிய வாக்கும் ஒன்று இல்லை. நான் தனியாக இருப்பேன் என்பதும் என் வசனம்தான். எனக்கு முப்பத்தெட்டு வயது. லைப்ரரியில் படிக்காத அலமாரி இன்னும் மூன்று இருக்கிறது. பக்கத்துக் குடித்தனத்தில் மாமி இருக்கிறாள். உன் அப்பா தூங்குவதற்காவது வீட்டுக்கு வருகிறார். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கமாட்டேன். இனி உன்னிடம் எதையும் மாற்றிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் என் சந்தோஷத்துக்காக நீ அந்தத் தாளை மடித்த முகம் எனக்கு வேண்டாம். உனக்கு ஒரு வருஷம்தான் வேண்டுமென்றால் ஒரு வருஷம். மூன்று என்றால் மூன்று. உனக்கே தெரியவில்லை என்றால் அவன் சொன்னதைச் சொல், அது போதும்.

அந்தப் படங்களிலிருந்து வேறு எதையும் எடுத்துக்கொள்ளாதே என்றும் சொல்லமாட்டேன். புதிதாக ஒருவன் உங்கள் அறைக்கு வந்தால் முதலில் தண்ணீர் கொடு. ஊரையும் சாதியையும் அப்புறம்கூடக் கேட்கவேண்டாம். ஆனால் குதிரைக்காரன் ஒரு மணி நேரத்தில் ஒரு ஊரையே சரிசெய்துவிடுவான்; அதை நம்பி ஏமாறாதே, ஒரு ஊர் பழகவே மூன்று மழைக்காலம் வேண்டும். அவன் சட்டை தானாகவே வெள்ளையாக இருக்கும்; உன் சட்டையை நீதான் துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அங்கே உன்னைச் சுற்றி நீ அறியாத பாஷையில் பேசுவார்கள். காட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், உங்கள் ஆலைக்காக நிலத்தை இழந்தவர்கள்கூட அதில் இருப்பார்கள். குன்றின் மேல் வரிசையாக நிற்கிறவர்கள் என்று அவர்களை நினைத்துவிடாதே. அவர்களுக்கு நீயாக வசனமும் சேர்க்காதே, உன் அம்மா மாதிரி. என்ன சொன்னீர்கள் என்று கேள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். நான் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு நீளக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. ஐந்து வருஷ வேர்க்கடலையும் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஈரத்துண்டைப் பெட்டிக்குள் வைக்காதே.

உன் அம்மா

இந்தக் கடிதத்துக்கு ஒரு பிரதி எடுத்து நோட்டில் வைத்திருந்தேன். அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. நீ மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாய். முதல் தீபாவளிக்கு வரவில்லை. இரண்டாவதற்குப் பத்து நாள் லீவில் வந்தாய், கொஞ்சம் கறுத்து, இந்தியில் கனவு காண்பதாகச் சொல்லிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை மாமி செம்பை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மூன்று பேரும் போனோம். இப்போது பெண்கள் பக்கம் உன்னை விடமாட்டார்கள் என்பதால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓரமாக உட்கார்ந்து, எங்களுக்குக் கேட்கும்படி நீதான் அர்த்தம் சொன்னாய். கடைசியில் அவன் குதிரையில் ஏறினான். "என்னடா சொல்றான்?" என்றாள் மாமி. "வருவேனான்னு தெரியாதுங்கறான் மாமி" என்றாய். "போடா, உனக்கு இங்கிலீஷ் தெரியலை. உங்கம்மா சொன்னதுதான் சரி" என்று மாமி எழுந்துகொண்டாள். பத்தாம் நாள் நீ ரயிலேறினாய்.